மேட்டுக் கோடும் பள்ளக் கோடும்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் சங்கு, சிப்பி மாலை, ருத்ராட்சம் விற்கிற தட்டுகளுக்கு நடுவே பழைய காசு பரப்பிய தட்டும் கண்ணில் படும். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய், ஓட்டைக் காலணா, காந்தி நூற்றாண்டுக்கு 1969இல் அடித்த பத்து ரூபாய் வெள்ளிக் காசு, கறுத்துப்போன செப்புக்காசு என்று கலந்து கிடக்கும். அங்கே திரும்பத் திரும்ப நடக்கிற பேச்சு ஒன்று உண்டு. "அண்ணே, கோடு கோடா இருக்கு, தேய்ச்ச காசுண்ணே இது." "தேய்க்கலப்பா, அது அச்சுலயே விழுந்த கோடு. கை படாத காசு." வாங்க வந்தவரிடம் ஒரு வாக்கியம், விற்பவரிடம் ஒரு வாக்கியம். இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடியவைதான். ஆனால் கையில் இருக்கிற காசுக்கு எது பொருந்தும் என்று அதை எடுத்துச் சாய்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. யார் குரல் உயர்கிறதோ அவர் சொன்ன விலைக்கு வியாபாரம் முடிந்துவிடுகிறது.

"கோடு தெரிந்தால் தேய்த்த காசு" என்பது சேகரிப்பவர்களிடையே சட்டம் போல ஆகிவிட்டது. அதில் பாதி சரி. அந்தப் பாதிதான் நெடுநாளாக உறுத்துகிறது. அதை நம்பி அப்பழுக்கில்லாத காசைத் தள்ளிவிடுகிறார்கள். அதற்கு மறுமொழியாக வந்த "அச்சுக் கோடு" என்ற சொல்லை நம்பி, விபூதி போட்டுத் தேய்த்த காசை முழு விலை கொடுத்து வாங்குகிறார்கள். காசுக்கு இரண்டு மெருகு உண்டு. ஒன்று காசை அழுத்தி அடிக்கிற எஃகு அச்சுக்குப் போட்டது, மற்றது காசுக்கே போட்டது. முதல் மெருகு காசு பிறக்கும் முன்பே முடிந்துவிட்ட காரியம். இரண்டாவது, பிறந்த காசின் தோலை உரித்தெடுப்பது. இரண்டும் வெளிச்சத்தில் பளபளக்கும், இரண்டும் கோடு போடும். ஆனாலும் இரண்டையும் அரை நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

அச்சுக்கு ஏன் மெருகு

காசில் மேடாக இருப்பதெல்லாம் அச்சில் பள்ளம். மன்னர் தலை, சிங்கம், எழுத்து, ஆண்டு எல்லாம் அச்சின் முகத்தில் குழிகளாக இருக்கும். காசில் வெறுமையாகத் தெரியும் தளம், அச்சில் உயர்ந்து நிற்கிற சமதளம். இதை மனதில் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும். நாணயச்சாலையில், காசைப் போலவே மேடாக உருவம் செதுக்கிய எஃகை மென்மையாக்கிய இன்னோர் எஃகில் அழுத்தி அச்சு எடுக்கிறார்கள். பிறகு காய்ச்சிக் கடினமாக்கி, பதம் தணித்து, முகத்தை மெருகிடுகிறார்கள். அந்த மெருகில் மிக நுண்ணிய கீறல்கள் அச்சின் சமதளத்தில் விழும். அச்சில் கீறல் என்பது பள்ளம். அதில் உலோகம் பாய்ந்தால் காசில் அது மேடாக எழும். அச்சுக் கோடு என்று சொல்கிறோமே, அது இதுதான்: தளத்திலிருந்து மயிரிழை உயரத்தில் எழும்பி நிற்கிற கோடு.

முதல் மெருகோடு வேலை முடிவதில்லை. இடையில் வில்லை (இன்னும் அச்சடிக்காத வட்டத் தகடு) விழாமல் எந்திரம் ஓடினால், மேல் அச்சும் கீழ் அச்சும் ஒன்றையொன்று நேராக மோதிக்கொள்ளும். ஒன்றின் உருவம் மற்றொன்றின் தளத்தில் மங்கலாகப் பதியும். அடுத்து வரும் காசுகளில் மன்னர் கழுத்துக்குப் பக்கத்தில் பின்பக்கத்துப் பூவேலையின் நிழல் தெரியும். அதைப் போக்க அச்சை இறக்கி, உப்புத்தாளோ எமரியோ போட்டுத் தேய்த்து மறுபடி ஏற்றுவார்கள். சும்மா வைத்திருந்த அச்சில் துரு பிடித்தாலும் இதே வைத்தியம்தான். அவசரத்தில் தேய்த்த அச்சு ஆழமான கோடுகளைத் தரும், பெரும்பாலும் ஒரே திசையில். சோற்றுக்கரண்டியால் வழித்தது போல இருக்கும் அந்தக் காசைப் பார்த்தவுடன் "தேய்த்தது" என்று தூக்கி எறிவார்கள். உண்மையில் அது எந்திரத்திலிருந்து விழுந்த நிமிடத்திலேயே அப்படித்தான் இருந்தது.

சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக அடிக்கிற ப்ரூஃப் காசுகளுக்கு இந்த வேலை வேறு தரத்தில் நடக்கும். அச்சு முழுவதையும் நுண்மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, பிறகு சமதளத்தை மட்டும் வைரப் பசையால் படிப்படியாகக் கண்ணாடி போல ஆக்குவார்கள். குழிகளுக்குள் சொரசொரப்பு அப்படியே நிற்கும். மெருகேற்றிய வில்லையை அந்த அச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தினால், தளம் கருங்கண்ணாடி போலவும் உருவம் பனி படிந்தது போல வெண்மையாகவும் எழும். அச்சு பழசாக ஆக முதலில் போவது அந்தப் பனி. உலோகம் உரசி உரசிக் குழியின் சொரசொரப்பு வழவழப்பாகிவிடும். ஆகவே ஒரே அச்சில் முதலில் அடித்த காசும் பிறகு அடித்த காசும் ஒன்றுபோல இருப்பதில்லை. நம் நாட்டு ப்ரூஃப் காசுகளில் மும்பையில் அடித்தவற்றுக்கு முன்பு 'பி' என்றும், பிற்காலத்தில் 'எம்' என்றும் குறி உண்டு. வீட்டில் மெருகிட்ட சாதாரண ரூபாயை ப்ரூஃப் என்று நீட்டினால் முதலில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விளிம்பைப் பாருங்கள். ப்ரூஃப் காசின் விளிம்பு கத்தி முனை போல நறுக்கென்று இருக்கும், எழுத்தின் ஓரம் தளத்தோடு செங்குத்தாகச் சேரும். துணிச்சக்கரத்தில் கொடுத்த காசில் எழுத்தின் தோள் உருண்டு வழிந்திருக்கும், தளத்தின் பளபளப்பு உருவத்தின் மேலும் ஏறியிருக்கும். அச்சு மெருகு பள்ளத்துக்குள் இறங்குவதில்லை. துணி மேட்டைத்தான் முதலில் தொடும்.

கோடு எங்கே நிற்கிறது

பார்க்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. டியூப்லைட் உதவாது. அதன் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிக் கோட்டை மறைக்கும். கடற்கரை நண்பகல் வெயிலும் கூடாது. ஒரே ஒரு சிறிய பல்பு, அல்லது கைபேசி டார்ச்சை ஓரிடத்தில் சாய்த்து வைத்தால் போதும். கீழே துண்டை விரித்து, காசின் விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து, முதலில் லென்ஸ் இல்லாமல் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். பிறகு பத்து மடங்கு லென்ஸ், கீழக்கரைப் பக்கம் கல் பார்ப்பவர்கள் கண்ணோடு ஒட்டிப் பிடிப்பார்களே, அது. இருபது மடங்கு வேண்டாம். பார்வைப் பரப்பு சுருங்கி, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தவறிப்போகும்.

மேட்டையும் பள்ளத்தையும் கண் எளிதில் மாற்றி எடுத்துக்கொள்ளும். நிலவின் படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் குழியெல்லாம் குன்றாகத் தெரியும் அல்லவா, அதே மயக்கம் காசிலும் வரும். தப்பிக்க ஒரே வழி, மேடு என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடுவது. காசின் எழுத்து மேடுதான், சந்தேகமில்லை. விளக்கு இடப்பக்கம் இருந்தால் எழுத்தின் இடச் சரிவு மின்னும், வலச் சரிவில் நிழல் விழும். அருகிலுள்ள கோட்டைப் பாருங்கள். அதுவும் இடப்பக்கம் மின்னி வலப்பக்கம் நிழலாக இருந்தால் மேட்டுக் கோடு, அதாவது அச்சு தந்தது. நிழல் இடப்பக்கம் விழுந்தால் பள்ளம், பிற்பாடு ஏதோ கீறியது. காசை அப்படியே வைத்து விளக்கை வலப்பக்கம் கொண்டுபோனால் இரண்டும் சேர்ந்து மாறும். இரண்டு முறையும் ஒத்துவந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

கோடு மிக நுண்ணியதாக இருந்து நிழல் தெரியவில்லையென்றால் இன்னொரு சாட்சி இருக்கிறது: கோடு எங்கே போய் நிற்கிறது என்பது. அச்சின் சமதளத்தில் விழுந்த கீறல் குழியின் ஓரத்தில் அறுந்துவிடும். ஆகவே காசில் அது எழுத்தின் அடிவாரம் வரை வந்து அங்கேயே நிற்கும். எழுத்தின் மேல் ஏறாது, ஆனால் எழுத்துக்கு அந்தப்பக்கம் அதே திசையில் தொடரும். இதில் அழகான இடம் சுழிகளின் உள்பக்கம். 0, 6, 8, 9 போன்ற எண்களின் சுழிக்குள் இருப்பதும் வெற்றுத்தளம்தான். அச்சில் அது தளத்தின் உயரத்துக்கே நிற்கிற குட்டித் தீவு. தேய்த்தவர் கை அதன் மேலும் சென்றிருக்கும். எனவே 8இன் சுழிக்குள் இருக்கும் துளி இடத்திலும், வெளியே ஓடுகிற அதே கோட்டின் தொடர்ச்சி தெரியும். தேய்த்த காசில் நடப்பது இதற்கு நேர் எதிர். துணியோ விரலோ சுழிக்குள் நுழையாது. எழுத்துக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள மூலையில் பழைய கறுப்பு அப்படியே தங்கி, எழுத்தைச் சுற்றி மை கட்டியது போல இருக்கும். கோடு மன்னர் கன்னத்தின் மேல் ஏறி, கிரீடத்தைத் தாண்டி, மறுபக்கம் இறங்கிப்போகும். கன்னத்திலும் தளத்திலும் ஒரே கோடு ஒரே ஓட்டமாக ஓடினால் அது கையின் வேலை.

நான் இதை மூன்று கேள்வியாக வைத்துக்கொள்கிறேன்: மேடா பள்ளமா, எழுத்தில் ஏறுகிறதா நிற்கிறதா, சுழிக்குள் இருக்கிறதா இல்லையா. மூன்றும் ஒரே பதிலைத் தந்தால் தட்டுக்காரர் என்ன சொன்னாலும் கவலையில்லை.

மூன்றும் ஒத்துப்போகாத காசும் உண்டு. வில்லை வெட்டுவதற்கு முன் உலோகத் தகட்டை உருளைகளுக்கு நடுவே விட்டு இழுப்பார்கள். அந்த உருளைக் கீறல் வில்லையிலேயே இருக்கும். அச்சு அழுத்தும்போது தளத்தில் அது நசுங்கி மறையும். உருவத்தின் மிக உயர்ந்த இடத்தில், உலோகம் அச்சின் அடியாழத்தை எட்டாத இடத்தில், மறையாமல் நிற்கும். பள்ளக் கோடுதான், உருவத்தின் மேலேதான் இருக்கிறது, இருந்தும் தேய்த்த கோடல்ல. அடையாளம் இது: கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக, கன்னத்திலோ நெற்றியிலோ மட்டும் இருக்கும். பக்கத்துத் தளம் சுத்தமாக, உயிரோடு மின்னும். தேய்த்த காசில் கன்னம் மட்டும் கீறி, தளம் தப்பிப்பது அரிது. இதேபோல் வெளியே பள்ளம் போலத் தெரியும் சில மேடுகளும் உண்டு. அச்சில் விரிசல் விட்டால் காசில் அது வளைந்து நெளிந்த மேட்டுக் கோடாக, பெரும்பாலும் விளிம்பிலிருந்து எழுத்தைத் தொட்டு ஓடும். மெருகுக் கோடு நேராக இருக்கும், விரிசல் கிளைவிடும். துருப்பிடித்த அச்சு சின்னச் சின்னக் கொப்புளங்களைத் தரும். பிரிட்டிஷ் காலத்து அச்சுகளை எடுத்து மும்பையிலும் கல்கத்தாவிலும் பிற்காலத்தில் மறுபடி அடித்த காசுகளில், இந்தக் கொப்புளமும் துருவைப் போக்கத் தேய்த்த மேட்டுக் கோடும் சேர்ந்தே வரும். பளிச்சென்ற கண்ணாடித் தளத்தில் கொப்புளம் தெரிந்தால் அசல் ப்ரூஃபா, மறுஅடிப்பா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கவேண்டும்.

மின்னுவது எது

கை படாத காசின் மின்னல் கண்ணாடி மின்னல் அல்ல. அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்கிறது. ஆயிரக்கணக்கான அடிகளில் அந்தப் பாய்ச்சல் அச்சின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆரக்கோடுகளை அரித்துவிடும். அவை காசில் பதியும். ஓலைக்குடாப் பக்கம் நீர் வற்றிய மணலில் அலை விட்டுப்போன வரிகளின் மேல் மாலை வெயில் விழுந்தால் ஒரு பட்டை ஒளி நகருமே, அதுபோலக் காசைச் சுழற்றும்போது இரண்டு ஒளிப்பட்டைகள் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் மாதிரிச் சுற்றிவரும். தேய்த்தாலோ அமிலத்தில் முக்கினாலோ முதலில் போவது இந்த வரிகள்தான். பிறகு காசு மின்னும், ஆனால் ஒளி சுற்றாது. மொத்தமாகப் பளிச்சிட்டு மொத்தமாக அணையும். கம்பிப் பிரஷ்ஷை எந்திரத்தில் சுழற்றிப் பொய் மின்னல் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் உலோகம் எழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒதுங்கிச் சின்ன வரப்பு போலக் குவிந்திருக்கும். லென்ஸில் அந்த வரப்பைக் கண்டால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மெலிந்த எழுத்து, பருத்த எழுத்து

ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை, ஆனால் ஒரு காசில் எழுத்து குச்சி போலவும் இன்னொன்றில் தடித்தும் இருப்பதைப் பார்த்து "போலி" என்று முடிவுகட்டுவது அடுத்த வழக்கம். காரணம் அச்சின் வயது. அச்சின் தளத்தைத் தேய்க்கத் தேய்க்கக் குழியின் ஆழம் குறையும். குழியின் சுவர் சரிவாக இருப்பதால் வாயும் குறுகும். காசில் எழுத்து மெலிந்து, தாழ்ந்து, இணைப்புகள் அறுந்து தனித்தனிக் கோல்களாக நிற்கும். ஆழமில்லாத நுணுக்கம் முதலில் காணாமல் போகும். நம் காசில் சிங்க முகத்துக்குக் கீழுள்ள சிறிய 'சத்யமேவ ஜயதே' வரிதான் முதலில் அடிபடுகிற இடம். தேய்க்காமலே அடித்துக் களைத்த அச்சில் நடப்பது வேறு. குழியின் ஓரம் அரிபட்டு வெளிப்பக்கம் விரிவதால் எழுத்து பருத்து, வீங்கி, விளிம்பை நோக்கி இழுபட்டுத் தெரியும். தளம் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகும். குழியில் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டால் எழுத்து பாதி மங்கும், ஆனால் மங்கிய இடத்தின் மேலும் மின்னல் குறையாது. புழங்கித் தேய்ந்த காசில் எழுத்தின் உச்சி தட்டையாகி, அந்த உச்சியில் மின்னல் இருக்காது. நான்கும் "எழுத்து சரியில்லை" என்ற ஒரே குறைக்குள் போய் விழுகின்றன. நான்குக்கும் காரணம் வேறு, மதிப்பும் வேறு.

இதில் பணம் போகிற இடம் நாணயச்சாலைக் குறி. சாதாரணக் காசில் ஆண்டுக்குக் கீழே மும்பைக்கு வைரக்கட்டம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி, கொல்கத்தாவுக்கு எதுவும் இல்லை. இந்தக் குறி அச்சில் ஊசிமுனை அளவுப் பள்ளம். அடைபட்டாலோ அளவுக்கு மீறித் தேய்த்தாலோ காசில் குறியே எழாது. நொய்டாக் காசு கொல்கத்தாக் காசாக வேடம் போட்டுவிடும். கொல்கத்தாவில் குறைவாக அடித்த ஆண்டு என்றால் விலை ஏறும். அந்த இடத்தை லென்ஸில் பார்த்து, விளக்கைச் சாய்த்தால் புள்ளியின் மிச்சம் லேசான மேடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அதோடு ஆண்டு எண்ணின் தடிமனும் மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எண் தடியாக இருந்து குறி மட்டும் இல்லையென்றால் அடைப்பு, எல்லாமே மெலிந்திருந்தால் மெருகு. குறி இருந்த இடத்தில் பள்ளமும் கீறலும் தெரிந்தால் யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.

அச்சு வேறுபாடு வேறு, வடிவ மாற்றம் வேறு. நம் பக்கம் பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்தது இரண்டாவதைப் போலி என்று நினைத்ததால். ரூபாய்க் குறி வந்த 2011ஆம் ஆண்டு வடிவத்தில் மேலே 10 கதிர்கள், அதற்கு முந்தையதில் 15. கதிரை எண்ணிப் பார்த்து "இது செல்லாது" என்று திருப்பினார்கள். புழக்கத்திலுள்ள 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. கதிரை எண்ணுமளவு கூர்ந்து பார்க்கிற கண்கள் நமக்கு இருக்கின்றன, எதைப் பார்ப்பது என்பதுதான் மாறவேண்டும். சிறு அச்சு மாற்றம் பெரிய விஷயமாவதற்கு 1911ஆம் ஆண்டு ரூபாயும் சாட்சி. ஐந்தாம் ஜார்ஜின் அங்கிமேல் தொங்கும் சங்கிலியில் யானை இருக்கிறது. துதிக்கை குட்டையாக விழுந்ததால் அது பன்றி போலத் தெரிய, எதிர்ப்பு கிளம்பி, 1912இல் அச்சைத் திருத்தினார்கள். அந்த யானை மிளகளவுகூட இல்லை. புளி போட்டு விளக்கிய 1911 ரூபாயில் யானையும் இல்லை, பன்றியும் இல்லை, ஒரு வழுக்கை மேடுதான் மிஞ்சும்.

யாத்திரைத் தலங்களில் விற்கிற '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' காசையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும். கம்பெனி அப்படியொரு காசை அடிக்கவே இல்லை, அது பூஜைக்கு வைக்கிற வில்லை. அதில் அச்சு வேறுபாடு தேடவேண்டியதில்லை. வார்ப்பில் செய்தவற்றில் தளத்தில் ஊசித்துளைக் குமிழ்கள், விளிம்பைச் சுற்றி ஒரு பொருத்துக் கோடு, சோப்புக்கட்டி போல மழுங்கிய எழுத்து மூன்றும் தெரியும்.

உப்புக் காற்று

நம் கரையில் காசுக்கு வருகிற கேடு உள்நாட்டில் வருவதைவிட வேகம். கடலில் போட்டு எடுத்த காசுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாகும். இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் 83 விழுக்காடு இரும்பும் 17 விழுக்காடு குரோமியமும் கலந்த எஃகு. கயிற்றில் கட்டிய காந்தத்தில் ஒட்டும், ஆனால் கடலுப்பு அதில் ஊசித்துளை போட்டுப் பழுப்புப் புள்ளி வைக்கும். பழைய 9 கிராம் ஐந்து ரூபாய் செம்பு-நிக்கல், காந்தத்தில் ஒட்டாது, கடலை நன்றாகத் தாங்கும். மஞ்சள் ஐந்து ரூபாயில் துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்ச, இளஞ்சிவப்பாகும். அலுமினியப் பைசாக்கள் வெள்ளை மாவாகக் குழி விழும். மணலில் புரண்ட காசின் முகம் ஒரே சீராகச் சொரசொரத்து, மெருகிடாத ப்ரூஃப் போல மயக்கும். அதில் எழுத்தின் ஓரமும் சொரசொரப்பாக இருப்பதை வைத்துப் பிரிக்கலாம்.

செப்புக்காசில் பசுமை இரண்டு வகை. வழவழப்பாக, கெட்டியாக, கரும்பச்சையாக இருப்பது காசின் கவசம். வெளிர்பச்சையில் மாவு போல உதிர்வது உப்பின் நோய். குளோரைடு உள்ளே புகுந்து, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் செம்பைத் தின்னும். அதற்குப் புளியோ எலுமிச்சையோ மருந்தல்ல, அமிலம் கவசத்தையும் சேர்த்துக் கரைக்கும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, முதல் வாரம் தினமும், பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை நீர் மாற்றி, வாரக்கணக்கில் பொறுத்திருக்கவேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் வேண்டாம், நம் பக்கத்து நீரிலேயே உப்பு இருக்கிறது. எடுத்தபின் அசிட்டோனில் ஒருமுறை முக்கினால் ஈரம் போகும். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, எண்ணெயையும் பசையையும் மட்டும் எடுக்கும். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வெள்ளிக்காசின் கறுப்பு என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தது. கறுப்பைத் தேய்த்து எடுத்தால் கூடவே வெள்ளியும் போகும். விபூதி, செங்கற்பொடி, பற்பசை மூன்றும் அராவுகிற பொருள்கள். அலுமினியத் தாளும் சோடாவும் வைத்துச் செய்கிற வைத்தியம் கீறாது, ஆனால் முகத்தைச் சுண்ணாம்பு பூசியது போல உயிரில்லாமல் விட்டுவிடும். கறுப்பை அப்படியே விடுவதே என் கட்சி. வைக்கும்போது மெல்லிய, மணம் வீசுகிற பிவிசி உறைகளைத் தவிருங்கள். சில ஆண்டுகளில் பிசுபிசுப்பான பச்சை கக்கி அது காசை அரிக்கும். மைலார் உறை, மூடி இறுகிய டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். மழைக்காலம் தொடங்கும் முன் ஜெல்லை மாற்றினால் போதும். வெறுங்கையால் முகத்தைத் தொட்டால், அன்று தெரியாத விரல்ரேகை அடுத்த ஆண்டு தெரியும்.

சேதுக் காசு

எந்திரம் வருமுன் கையால் அடித்த காசில் இந்தக் கணக்கெல்லாம் மேலும் கூர்மையாகிறது. கீழ் அச்சைப் பட்டறைக் கல்லில் பதித்து, வில்லையை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அடி நேராக வாங்குகிற மேல் அச்சு சீக்கிரம் உடையும், கீழது நீடிக்கும். ஒவ்வோர் அச்சும் ஒருவர் கையால் வெட்டியது, ஆகவே இரண்டு அச்சு ஒன்றுபோல இருக்க வாய்ப்பே இல்லை. ராஜராஜன் காசில் நிற்பவர் பக்கத்துப் பிறையும் குண்டுகளும், உட்கார்ந்தவர் கைக்கீழ் நாகரி எழுத்தும் காசுக்குக் காசு இடம் மாறுவது அதனால்தான். அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த ரோமானியச் செப்புக்காசு ஆனாலும், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின், காளை படுத்த, 'சேது' என்று பொறித்த காசு ஆனாலும், எந்த இரண்டு காசுகள் ஒரே அச்சில் பிறந்தவை என்று கண்டுபிடிப்பது ஆராய்ச்சியில் பெரிய வேலை. எத்தனை அச்சு, எவ்வளவு காசு, எது முந்தியது, எது பிந்தியது என்பதற்கெல்லாம் சாட்சி அந்த ஒற்றுமைதான்.

அதைக் காட்டிக்கொடுப்பவை மிகச் சிறியவை. காளையின் திமிலிலிருந்து விளிம்புக்கு ஓடும் ஒரு விரிசல், 'சேது' என்ற எழுத்தின் கொம்பில் அச்சு உடைந்ததால் எழுந்த ஒரு துளி மேடு. பாம்பன் பக்கம் கிடைத்த காசிலும் கடலுக்கு அந்தப்பக்கம் கிடைத்த காசிலும் அதே விரிசல் அதே இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரே கையிலிருந்து புறப்பட்டவை. அந்த விரிசலும் மேட்டுக் கோடுதான். தளத்தைவிட உயர்ந்து நிற்பதால், விபூதி தொட்ட முதல் தேய்ப்பிலேயே அது போய்விடும். எழுத்து மிஞ்சும், காளை மிஞ்சும், எந்த அச்சு என்பது மிஞ்சாது.

மண் தோண்டும்போது இப்படி ஏதாவது கிடைத்தால், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். தெரிவிக்கும்வரை கழுவவும் வேண்டாம். கிடைத்த ஆழத்தையும் இடத்தையும் குறித்து, ஒட்டிய மண்ணோடு தாளில் மடித்து வையுங்கள். முறையாக வாங்கிய காசில் மண் எழுத்தை மூடியிருந்தால் வடித்த நீரில் ஊறவிட்டு, மூங்கில் குச்சியின் முனையைச் சீவி நனைத்து, மண்ணை மட்டும் எழுத்தின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். குச்சி முனையில் பழுப்புக்குப் பதில் பச்சை ஏறத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள்.